கல்லூரியில் 96 சதவீதம், நம்ம ஊர் எக்ஸ்ரேயில் கவிழ்கிறது: காசநோய் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்டில் எங்கே தப்பு?

பேச்சிப்பாறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து காசநோய் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லும் மென்பொருள்தான் என் ப்ராஜெக்ட்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் பொதுவில் வெளியிட்ட இரண்டு தொகுப்புகளை எடுத்தேன். ஒன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி, 138 படங்கள், அதில் 58 பேருக்குக் காசநோய். இன்னொன்று சீனாவின் ஷென்ஜென், 662 படங்கள், அதில் 336 பேருக்குக் காசநோய். மொத்தம் 800தான் வருகிறது, போதாது. அதனால் வேறொரு பொதுத் தொகுப்பிலிருந்து நோயில்லாதவர்களின் படங்கள் 3000 சேர்த்துக்கொண்டேன். சோதனையில் 96 சதவீதம் சரியாகச் சொன்னது. கைடு சாருக்கு ரொம்ப சந்தோஷம்.

அப்புறம்தான் பிரச்சினை. எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் பீரோ மேலே பழுப்புக் கவரில் கிடந்த பழைய ஃபிலிம்களை அவரவரிடம் கேட்டு வாங்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் படம் எடுத்துக் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாருக்கும் காசநோய் என்கிறது. என் அம்மாவுக்கும்தான். அம்மாவுக்கு இருமல்கூடக் கிடையாது. ஐந்து நாளாகக் கோடைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், தப்பு தெரியவில்லை. சில படங்களை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வேளிமலை எழுதியது:

தம்பி, முதலில் மூன்றாவது படத்தை எடுத்துவிடுங்கள். ஃபிலிமின் மேல் ஓரத்தில் பெயர், வயது, எண் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மற்றதை அப்புறம் பேசலாம்.

நெறியாளர் எழுதியது:

மூன்றாவது படத்தை நீக்கியாயிற்று. நோயாளியின் பெயரோ எண்ணோ தெரியும் எந்தப் படத்தையும் இங்கே ஏற்றக் கூடாது. சொந்தக்காரர் சம்மதம் கொடுத்திருந்தாலும் அது உங்கள் ப்ராஜெக்டுக்குக் கொடுத்த சம்மதம், ஊர் பார்க்கக் கொடுத்தது இல்லை.

பேச்சிப்பாறை எழுதியது:

மன்னிக்கவும். பெயர் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. நுரையீரலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

நானும் இந்தத் தொழில்தான், திருவனந்தபுரத்தில் மருத்துவப் படங்களுக்கான மென்பொருள் எழுதுகிறேன். பெயர் விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஸ்கேன் கருவிகள் தரும் டைகாம் கோப்பில் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை, கருவியின் விவரம் எல்லாம் படத்தோடு ஒட்டிய தகவல் பகுதியில் இருக்கும். அதை அழித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கும், தகவல் பகுதியை அழித்தாலும் போகாது. அதைத் தனியாகத் தேடி மறைக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாடல், அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட உங்கள் மென்பொருள், எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று நிறத்தில் காட்டும் ஹீட்மேப் போட்டீர்களா? போட்டுவிட்டு, இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இரண்டு நுரையீரலையும் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மாடலிடம் கொடுங்கள். என்ன சொல்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

பேச்சிப்பாறை எழுதியது:

அண்ணா, செய்தேன். கை நடுங்குகிறது.

நுரையீரலை முழுக்க மறைத்த பிறகும் 90க்கு மேல் சரியாகச் சொல்கிறது. நுரையீரலே இல்லாத படத்தில் காசநோயை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஹீட்மேப்பில் சிவப்பு முழுவதும் தோளுக்கு மேலேயும் மூலையிலும் விழுகிறது. மூலையில் ஒரு சின்ன வெள்ளை எழுத்து இருக்கிறது, அதன்மேல்தான் அதிகம். பெயர் எதுவும் இல்லாத படத்தை இணைத்திருக்கிறேன்.

வேளிமலை எழுதியது:

அந்த வெள்ளை எழுத்து நாங்கள் வைப்பது. ஈயத்தில் செய்த 'எல்', 'ஆர்'. இடது எது, வலது எது என்று ஃபிலிமில் தெரிவதற்காக, ஃபிலிம் இருக்கும் தட்டைப் பெட்டியான கேசட்டின் ஓரத்தில் வைப்போம். ஈயம் கதிரைத் தடுக்கும், அதனால் வெள்ளையாக விழும். ஒவ்வொரு இடத்திலும் எழுத்தின் அளவு வேறு, வைக்கும் மூலை வேறு, சில இடங்களில் டெக்னீஷியன் தன் அடையாளத்தையும் சேர்த்து வைப்பார்.

நான் 22 வருடமாக எக்ஸ்ரே டெக்னீஷியன். உங்கள் கம்ப்யூட்டர் எங்கள் எழுத்தைப் படித்துவிட்டு நோய் இருக்கிறது என்கிறது, அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

அக்கா சொன்னது சரி. தம்பி, நீங்கள் நோயாளிப் படங்களை அந்த முதல் இரண்டு தொகுப்புகளிலிருந்தும், நோயில்லாத படங்களில் பெரும்பகுதியை வேறோர் இடத்திலிருந்தும் எடுத்தீர்கள். மாடலுக்கு நுரையீரலைப் படிப்பதைவிட, 'இது எந்த ஊர்ப் படம்' என்று படிப்பது சுலபம். சுலபமான வழி இருந்தால் அது கஷ்டமானதைத் தொடாது. உங்கள் பீரோ ஃபிலிம்கள் அந்த 3000 படங்களைப் போல இல்லை. எனவே 'அந்த ஊர் இல்லை என்றால் காசநோய்' என்று தள்ளிவிட்டது.

இதில் நீங்கள் தனியாள் இல்லை. 2018இல் அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மாடலை மூன்று மருத்துவமனைக் குழுமங்களின் படங்களில் சோதித்தார்கள். படத்தைப் பார்த்தே அது எந்த மருத்துவமனை என்று மாடல் ஏறக்குறைய பிழையில்லாமல் சொன்னது. ஓர் இடத்தில் படம் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா, மற்ற இரண்டு இடங்களிலும் 1 சதவீதம் அளவுதான். இடத்தைக் கண்டுபிடித்தாலே பாதிக்குமேல் மதிப்பெண் கிடைத்துவிடும்.

கோவிட் சமயத்தில் இது இன்னும் மோசமானது. கோவிட் இல்லாதவர்கள் என்று பலர் எடுத்துக்கொண்ட படங்கள் சீனாவின் குவாங்சோவில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு எடுத்தவை. கோவிட் படங்களோ பெரியவர்களுடையவை. மாடல் கற்றது குழந்தையா, பெரியவரா என்பதை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் இருவர் நுரையீரல் பகுதியைக் கறுப்பாக்கிச் சோதித்துக் காட்டினார்கள், நான் செய்யச் சொன்னது அதைத்தான். 2021இல் வந்த ஓர் ஆய்வு, கோவிட் படங்களைப் பற்றிய 2,212 கட்டுரைகளில் தேறிய 62ஐ நுணுக்கமாகப் படித்தது. நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுத்தும் நிலையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

வேளிமலை எழுதியது:

எங்கள் அறையில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், கோட் எழுதுகிறவர்கள் கேட்க வேண்டும்.

நிற்க முடிகிறவரை நெஞ்சை கேசட்டில் ஒட்டி நிற்க வைத்து, முதுகுப்பக்கமிருந்து கதிர் விடுவோம். இரண்டு தோளையும் முன்னால் தள்ளச் சொல்வோம், அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேலிருந்து விலகும். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க" என்று சொல்லும் அந்த இரண்டு விநாடியில்தான் எல்லாம். வயதானவர்கள் 'இழுங்க' என்றதும் இழுப்பார்கள், 'பிடிங்க' என்பதற்குள் விட்டுவிடுவார்கள். மூச்சு முழுதாக இல்லாத படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி கசங்கி வெள்ளையாகத் தெரியும். அது நோய் இல்லை.

நிற்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுப்போம். அதில் இதயம் கேசட்டிலிருந்து தள்ளிப்போவதால் பெரிதாக விழும். யார் நிற்க முடியாதவர்? நோய் முற்றியவர். ஆகவே 'படுத்து எடுத்த படம்' என்பதே கம்ப்யூட்டருக்கு ஒரு துப்பாகிவிடும், இல்லையா?

இன்னொன்று. ஒரு நாள் எங்கள் அறைக்கு ஓர் இளம்பெண் வந்தாள், முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். காலையில் தலை குளித்து எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. எடுத்த படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் திட்டுத்திட்டாக வெள்ளை. காசநோய் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உச்சியில்தான் உட்காரும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு உற்றுப் பார்த்தால் அந்தத் திட்டு கழுத்தைத் தாண்டி மேலேயும் போகிறது. நுரையீரல் கழுத்தில் இருக்காதே! சடையைத் தூக்கிக் கொண்டைபோட்டு மறுபடி எடுத்தேன். சுத்தமான படம். அன்றிலிருந்து பெண்கள் உள்ளே வந்ததும் முதலில் சடையைத்தான் பார்ப்பேன்.

தாலிச்செயின், ஊக்கு, தாயத்து, கடற்கரை ஊர்க்காரர்கள் கழுத்தில் போடும் உத்தரியம், சிலுவை எல்லாம் கழற்றச் சொல்வோம். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பார்கள், சரி, அதைத் தாடைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். அவசரத்தில் தப்பிப்போவதும் உண்டு. உங்கள் அமெரிக்கப் படத்திலும் சீனப் படத்திலும் எண்ணெய் வைத்த சடை எத்தனை இருக்கும் தம்பி?

பேச்சிப்பாறை எழுதியது:

அக்கா, இந்தப் பதிவைக் கைடு சாருக்கு அனுப்பிவிட்டேன். எந்தப் புத்தகத்திலும் சடை பற்றி நான் படித்ததில்லை.

மருந்துவாழ்மலை எழுதியது:

நான் ரேடியாலஜிஸ்ட், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர். சகோதரி சொன்ன சடையை ஒவ்வொரு ரேடியாலஜிஸ்டும் வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்த்திருப்பார். முலைக்காம்பின் நிழலும் அப்படித்தான், நுரையீரலில் சின்னக் கட்டி போலத் தெரியும். சந்தேகம் வந்தால் அதன்மேல் உலோகக் குறி ஒட்டி மறுபடி எடுப்போம்.

நான் பேச வந்தது வேறு. படத்துக்கு 'நோய் உண்டு' என்று பெயர் ஒட்டுகிறீர்களே, அதை ஒட்டியது யார்?

காசநோயை உறுதி செய்வது சளி. நுண்ணோக்கியிலோ, இப்போது மரபணுச் சோதனையிலோ கிருமி தெரிய வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவது நிழல்தான். 20 வருடத்துக்கு முன் வந்து மருந்து சாப்பிட்டு முழுதாகக் குணமானவருக்கும் தழும்பு இருக்கும். அந்தத் தழும்பும் இன்று உயிரோடிருக்கும் நோயும் ஒரே மாதிரித் தெரிவது உண்டு. பழைய படம் கையில் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம்தான். உங்கள் கம்ப்யூட்டரிடம் பழைய படமும் இல்லை, நோயாளியின் இருமலும் இல்லை, எடைக்குறைவும் இல்லை.

இன்னொரு உண்மை. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தால் இரண்டு பதில் வரலாம். ஒரே ஆளிடம் காலையிலும் மாலையிலும் கொடுத்தாலும் வரலாம். 2016இல் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புக்காகக் கூகுள் செய்த ஆய்வை நான் மதிப்பதற்கு இதுதான் காரணம். 1,28,175 படங்கள், 54 மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை தனித்தனியாகப் பார்க்க வைத்தார்கள். அந்தப் படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுத்தவையும் உண்டு.

மறுபக்கம் 2017இல் வந்த பெரிய மார்பு எக்ஸ்ரே தொகுப்பு. 30,805 பேரின் 1,12,120 படங்கள். நோயின் பெயர்களை மருத்துவர் படம் பார்த்து ஒட்டவில்லை, மருத்துவர் எழுதிய அறிக்கையைக் கம்ப்யூட்டர் படித்து ஒட்டியது. அதில் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்த நோயாளிகளின் படங்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் காற்றை வெளியேற்றும் குழாய் ஏற்கனவே நெஞ்சில் செருகப்பட்டிருக்கிறது. மாடல் குழாயைக் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்கியது. குழாய் போட்டவர் ஏற்கனவே சிகிச்சையில் இருப்பவர். நமக்கு வேண்டியது குழாய் போடாதவர். அவரிடம்தான் மாடல் தடுமாறுகிறது.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

டாக்டர், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேச்சு ஒரே பக்கமாகச் சாய்கிறதோ என்று தோன்றுகிறது. 2021இல் உலக சுகாதார அமைப்பே 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைத் தேடும்போது, எக்ஸ்ரேயைப் படிக்க மருத்துவருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்கள் எத்தனை? பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில் ஒருவர் இருமினால் அவருக்கு யார் படம் பார்ப்பார்? பல நாடுகளின் படங்கள், பல கருவிகள், நிறைய டேட்டா சேர்த்தால் இந்தக் குறுக்குவழிகள் குறையும். தம்பி 3800 படத்தில் விழுந்ததை வைத்து எல்லாவற்றையும் தள்ள வேண்டாம்.

மருந்துவாழ்மலை எழுதியது:

தள்ளவில்லை. அந்தப் பரிந்துரையை நானும் வரவேற்கிறேன். மார்பு எக்ஸ்ரேயைப் படிக்க ஆள் பற்றாத நாட்டில் அது உயிர் காக்கும். அதோடு, மாடல் தரும் மதிப்பெண் எந்த எண்ணுக்கு மேல் போனால் 'சந்தேகம்' என்று வைப்பது என்பதை அந்தந்த ஊரில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நாம் மறந்துபோவது அந்தப் பகுதியை.

ஒரு கணக்கு போடுவோம். 1000 பேர் முகாமுக்கு வருகிறார்கள், 10 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடல் நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். நல்ல மாடல்தான். 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். அதாவது அது 'உண்டு' என்று காட்டுகிற 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய். சளி சோதிக்க உடனே வழி இருந்தால் இது மிக நல்ல வடிகட்டி. வழி இல்லாவிட்டால் 99 குடும்பங்கள் தூங்காது.

முட்டம் கலங்கரை எழுதியது:

இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. டாக்டர் சொன்ன அந்த 99இல் ஒருவர் என் அப்பா.

அப்பாவுக்கு இப்போது 71. இளவயதில் காசநோய் வந்து, மருந்து முழுவதும் சாப்பிட்டுக் குணமானவர். அதற்கப்புறம் முப்பது வருடம் கடலுக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு முகாம் நடந்தது, வண்டியிலேயே எக்ஸ்ரே. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். படம் எடுத்த சற்று நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்தில் காசநோய் என்று வந்தது. மேசையில் இருந்த பையன் வரிசையில் நின்ற எல்லாரும் கேட்கும்படி அப்பாவின் பெயரைச் சொல்லி, "காசநோய், அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றான்.

மாலைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில் அப்பாவுக்குப் பேப்பர் கப். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விட அண்ணிக்குப் பயம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைத்தபோதுதான் அப்பா கண் கலங்கிப் பார்த்தேன். ஆறு நாள் கழித்துச் சளிப் பரிசோதனை முடிவு வந்தது, கிருமி இல்லை. டாக்டர் சொன்ன பழைய தழும்புதான். கிருமி இல்லை என்பதை யாரும் வரிசையில் நின்று கேட்கவில்லை. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் திரும்ப வரப் பல வாரம் ஆனது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தம்பியிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் திரையில் என்ன எழுதிக் காட்டப் போகிறீர்கள்?

பேச்சிப்பாறை எழுதியது:

அண்ணே, இதற்கு உடனே பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

அண்ணே, படித்ததும் மனம் கனத்துவிட்டது. அந்தச் சிவப்பு எழுத்தை என்னைப் போல ஒருவன்தான் எழுதியிருப்பான். 'சளிப் பரிசோதனை தேவை' என்று எழுதக் கூடுதலாக ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சுசீந்திரம் தேர் எழுதியது:

ஸ்கேன் பற்றியும் சொல்லலாமா? என் அக்காவுக்குத் தலையில் கட்டி. இங்கே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் காட்ட வேண்டியிருந்தது. அவசரத்துக்கு ஃபிலிமை டியூப்லைட் முன்னால் பிடித்து மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அதைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு செயலியும் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அங்கிருந்த மருத்துவர் எங்களைத் திட்டவில்லை, ஆனால் ஸ்கேன் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு, "சிடி இல்லாமல் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்று உறுதியாகச் சொன்னார். மறுநாள் சிடியோடு பஸ் ஏறினேன். படம் படம்தானே, என்ன வித்தியாசம் என்று அன்றைக்குக் கோபம் வந்தது.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

அந்த மருத்துவர் செய்தது ரொம்பச் சரி. குறுந்தகட்டில் இருப்பது அசல் கோப்பு. உதாரணத்துக்கு, சி.டி. ஸ்கேனின் அசல் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக 4096 நிலைகள் வரை உண்டு. மொபைல் படத்தில் சாம்பல் நிறம் 256 நிலைதான். அதையும் வாட்ஸ்அப் நசுக்கி அனுப்பும். டியூப்லைட்டின் நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு, ஃபிலிமில் உங்கள் கைரேகை, எல்லாம் சேர்ந்துதான் அங்கே போய்ச் சேரும்.

சி.டி.யிலாவது எண்ணுக்கு அர்த்தம் நிலையானது. அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அளவு இருக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. முதல் நோயாளிக்கு லண்டனில் எடுத்தது 1971இல். இன்று எந்தக் கருவியில் எடுத்தாலும் அந்தக் கணக்குத்தான். எம்.ஆர்.ஐ.யில் அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. ஒரே தலையை இரண்டு கருவியில் எடுத்தால் ஒரே இடத்தின் எண் வேறு வேறாக வரும். மாடல் எண்களைத்தானே படிக்கிறது! கருவி மாறினால் அதற்குத் தலையே மாறிவிட்ட மாதிரி.

அளவிலும் ஒரு சங்கடம் உண்டு. மார்பு சி.டி.யில் ஒரு துண்டு 512க்கு 512 புள்ளி. 300 துண்டு என்றால் 7 கோடியே 86 லட்சம் புள்ளிகள். 5 மில்லிமீட்டர் கட்டி அதில் ஏறக்குறைய 130 புள்ளிதான் இருக்கும். 'எங்கும் கட்டி இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலும் புள்ளிக் கணக்கில் 99.999 சதவீதம் சரி. அதனால்தான் தம்பி, யாராவது வெறும் சதவீதத்தைச் சொன்னால் நான் அடுத்த பக்கம் திருப்பிவிடுவேன்.

ஒழுகினசேரி எழுதியது:

கண் படத்திலும் இதே கதைதான். தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கூகுளின் விழித்திரை மென்பொருளை வைத்துப் பார்த்தார்கள், 2020இல் அதைப் பற்றி எழுதினார்கள். முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்களில் 21 சதவீதத்தை 'தரம் போதாது' என்று மென்பொருள் திருப்பிவிட்டது. சில இடங்களில் அறையை இருட்டாக்க முடியவில்லை, சில இடங்களில் இணையம் இழுத்தது. படம் திரும்பியவர்கள் இன்னொரு நாள் வேறு ஊரில் கண் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும். என் அம்மாவுக்குக் கண்புரை, எந்தக் கேமராவும் அவர் விழித்திரையைத் தெளிவாக எடுக்காது. 'தரம் போதாது' என்று வந்தால் அதற்கு அர்த்தம் 'இவரை உடனே கண் மருத்துவரிடம் அனுப்பு' என்று இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பேச்சிப்பாறை எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

வேளிமலை அக்கா அனுமதி வாங்கித் தந்து ஒரு நாள் காலை முழுக்க அவர்கள் வேலை செய்யும் இடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு படத்தையும் நான் தொடவில்லை, யார் பெயரையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டி மூச்சை இழுத்துப் பிடிக்க நான்கு முறை ஆனது. நான்காவது முறை அக்காவும் அவரோடு சேர்ந்து தன் மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டினார், அப்போது சரியாக வந்தது. படம் திரையில் வந்ததும் அக்கா நுரையீரலைப் பார்க்கவில்லை. காறையெலும்பின் இரண்டு முனையும் முதுகெலும்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார், உடம்பு திரும்பியிருந்தால் அது மாறிவிடுமாம். பிறகு பின்பக்க விலா எலும்புகளை விரலால் எண்ணினார். ஒன்பது பத்து தெரிந்தால் மூச்சு போதும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் நுரையீரல். இந்த வரிசையை நான் என் மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

வந்து எல்லாவற்றையும் கலைத்தேன். வெளியிலிருந்து சேர்த்த 3000 படத்தையும் நீக்கிவிட்டேன். ஷென்ஜென் படங்களில் மட்டும் கற்பித்து, மாண்ட்கோமரி படங்களில் சோதித்தேன். ஷென்ஜெனில் இரண்டு வகையும் ஒரே மருத்துவமனையில் எடுத்தவை, 'எந்த ஊர்' என்ற துப்பு உதவாது. ஓரங்களை வெட்டி நுரையீரல் பகுதியை மட்டும் கொடுத்தேன். காறையெலும்பையும் விலா எலும்பையும் பார்த்து, 'படம் சரியில்லை, மறுபடி எடுக்கவும்' என்று முதலிலேயே நிறுத்தும் ஒரு பகுதியை இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

96 போய்விட்டது. புதிய எண்ணை இங்கே எழுதவில்லை. 138 படத்தில் சோதித்த எண்ணை வைத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. கைடு சார் முதலில் முகம் சுளித்தார், வேளிமலை அக்காவின் பதிவை மறுபடி காட்டியதும் "சரி, இதையே தீசிஸில் ஒரு அத்தியாயமாக எழுது" என்றார்.

நேற்று இரவு மறுபடி நுரையீரலைக் கறுப்பாக்கிக் கொடுத்தேன். இம்முறை மாடலால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, நாணயம் சுண்டிய மாதிரி பாதிக்குப் பாதி. இந்த ஐந்து வாரத்தில் என் மாடல் தோற்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

முட்டம் அண்ணே, திரையில் சிவப்பு இல்லை. 'காசநோய்' என்ற சொல்லும் இல்லை. "சளிப் பரிசோதனை செய்து பார்க்கவும். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவரா என்று தனியாகக் கேட்கவும்" என்று வைத்திருக்கிறேன். சொல் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முட்டம் கலங்கரை எழுதியது:

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன் தம்பி. 'தனியாக' என்பதை முதலில் போடச் சொன்னார்.

பேச்சிப்பாறை எழுதியது:

மாற்றிவிட்டேன் அண்ணே.

வேளிமலை எழுதியது:

தம்பி, சடை, ஊக்கு, தாயத்து விழுந்து மறுபடி எடுக்க வேண்டி வந்த படங்களைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் தலைமை மருத்துவரிடம் பேசினேன். நெறிமுறைக் குழுவுக்கு உங்கள் கல்லூரியிலிருந்து முறையான கடிதம் வேண்டும், பெயர், எண் எல்லாம் நீக்கிய பிறகுதான் வெளியே வரும், அதற்கும் நேரம் பிடிக்கும் என்றார். கடிதத்தில் கைடு கையெழுத்து கட்டாயம். வருகிற திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் கொண்டுவந்தால் அன்றைக்கே கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிடலாம், அதற்குப் பிறகு வெளிநோயாளிகள் கூட்டம் வந்துவிடும்.